மலைக்கு அந்தப் பக்கம்

ஜூன் 20

தம்பிக்கு,

நீ விடுதிக்காரம்மா வீட்டு போனிலிருந்து கூப்பிட்டாய் என்று அப்பா சொன்னார். நான் வீட்டில்தான் இருந்தேன். எடுக்கவில்லை. கோபத்தில் என்று நினைக்காதே. கோபம் இருக்கிறது, அது வேறு கதை. போனில் உன் குரல் அப்படியே உன் அண்ணன் குரல். நேரில் என்றால் உன் முகம் இருக்கும், சமாளித்துக்கொள்வேன். போனில் என்னால் முடியவில்லை. இனி எதுவானாலும் எழுது. நானும் எழுதுகிறேன்.

நேற்று ரயில்வே அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எழுதிக்கொண்டார், ஒருவர் கேட்டார். மார்ச்சில் அந்தப் பெண் உன் அண்ணன் ஓட்டிய வண்டிக்கு முன்னால் தண்டவாளத்தில் வந்து நின்ற நாளுக்குப் பிறகு அவர் எப்படி இருந்தார், தூங்கினாரா, சாப்பிட்டாரா, ஏதாவது சொன்னாரா என்று. மருத்துவர் சொல்லித்தானே லீவு போட்டுவிட்டு நாம் மூன்று பேரும் கோடை முழுக்க ஊர் ஊராக நடந்தோம் என்று சொன்னேன். கேட்டவர் தலையாட்டினார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "நிதானம் இப்படிச் செய்வார்னு நாங்க யாரும் நினைக்கலம்மா" என்றார். டிப்போவில் அவருக்கு அந்தப் பெயர்தான் என்பது எனக்கே நேற்றுதான் உறைத்தது. ஒரு நிமிடம் முந்தியும் போகாமல், ஒரு நிமிடம் பிந்தியும் போகாமல் வண்டி ஓட்டிய மனிதர்.

நீ அந்த மலை விடுதியில் உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. காவல்துறையே தேடுவதை நிறுத்திவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. அன்று பஸ் நிலையத்தில் நான் சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறேன். தேட வேண்டும் என்று நினைத்திருந்தால் அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பார். நாம் இரண்டு பேரும் தூங்கும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனவரை எங்கே போய்த் தேடுவாய்?

அப்பா ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உன் அண்ணனுடைய யூனிபார்ம் சட்டைகளைத் தேய்த்து மாட்டிவைக்கிறார். வாழ்நாளெல்லாம் ஊராருக்குத் துணி தைத்த கை. நான் தடுக்கவில்லை.

வந்துவிடு.

அண்ணி

*

ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் பால் வண்டியில் வந்தது. இங்கே தபாலும் பாலும் ஒரே வண்டிதான். மழை பிடித்தால் இரண்டும் கிடையாது.

நான் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. விடுதிக்காரம்மா அறை வாடகை கேட்பதில்லை, அதற்குப் பதிலாகக் கட்டிடம் முழுக்க ஒயரிங் மாற்றித் தருகிறேன். சுவருக்குள் எலி கடித்த ஒயரைப் பார்த்தால் இத்தனை வருடம் இந்த வீடு எரியாமல் நின்றது எப்படி என்று தோன்றும். மழை விட்ட நேரங்களில் வனக்காவலரோடு மேலே போகிறேன். அவருக்கு என்மேல் இரக்கமா, பேச்சுத்துணை வேண்டுமா தெரியவில்லை. முகட்டுக்குக் கீழே செங்குத்துப் பாறைகள் இருக்கின்றனவே, காவல்துறை கயிறு போட்டு இறங்கிய இடம், அங்கேதான் மறுபடியும் மறுபடியும் பார்க்கிறோம். ஒன்றுமில்லை. பனிமூட்டம் வந்தால் என் கையே எனக்குத் தெரிவதில்லை.

அண்ணி, நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை. நம்ப முடியாது. நீங்களும் கூடத்தானே இருந்தீர்கள். முதலில் கடற்கரையில் தங்கினோமே, அங்கே ஒரு விசைப்படகு ஹாரன் அடித்ததும் அண்ணன் என்ன செய்தான்? சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் வலது கையை வீசி இல்லாத பிரேக்கைப் பிடித்து இழுத்தான். தட்டு பறந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். நீங்கள் குனிந்து பீங்கான் துண்டுகளைப் பொறுக்கினீர்கள். அன்று நான் பயந்துபோனேன், இவன் இனி தேறமாட்டான் என்று.

அப்புறம் அந்த ஊசியிலைக் காடு. தரையெல்லாம் காய்ந்த இலை மெத்தை மாதிரி. மூன்று பேர் நடக்கிறோம், ஒரு காலடிச் சத்தம் கிடையாது. அண்ணன் நின்று, "வயரு, சத்தமே இல்லடா, பாத்தியா" என்றான். அவன் என்னை வயரு என்று கூப்பிட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது. அங்கேதான் அவன் தூங்கத் தொடங்கினான். பகலில், மரத்தடியில், வாயைத் திறந்துகொண்டு. நாம் இரண்டு பேரும் காவல்காரர்கள் மாதிரி இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். வெயில் மரங்களுக்கு நடுவே கீழே வந்து விழும்போது பச்சையாக இருந்தது. ஒரு பழைய கண்ணாடிப் புட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

மலைக்கு வந்தபோது எவனோ விசிலடித்தான், ஞாபகமிருக்கிறதா? அண்ணன் கை அசையவே இல்லை. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. தேறி வந்தவன் ஏன் சாகப் போகிறான், சொல்லுங்கள்.

தம்பி

*

ஜூலை 9

தம்பிக்கு,

நீ அவர் கையைப் பார்த்தாய். நான் முகத்தைப் பார்த்தேன்.

ஒரு மனிதர் தேறி வருவதற்கும் முடிவெடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நான் மருத்துவர் இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். உன் அண்ணன் கேலிக்கு டாக்டரம்மா என்பார், அவ்வளவுதான். ஆனால் வார்டுகளில் நடந்து நடந்து எனக்குத் தெரிந்தது ஒன்று. கத்திக்கொண்டும் அழுதுகொண்டும் இருப்பவர்களைப் பற்றி நர்ஸ்கள் கவலைப்படுவதில்லை. ஒருநாள் திடீரென்று அமைதியாகி, தலைவாரிக்கொண்டு, எல்லோரிடமும் நன்றாகப் பேசுகிறவர்களைத்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள்.

கடைசி மூன்று நாட்களை யோசித்துப்பார். அவர் எவ்வளவு நன்றாக இருந்தார். விடுதிக்காரம்மாவுக்கு விறகு பிளந்து கொடுத்தார். உன்னைக் கலாய்த்தார், "நீ போட்ட லைட்டு ஊர் பூரா எரியுது, உன் மண்டைலதான் எரியல" என்று. மாலையில் முகட்டுக்கு மேலே மேகம் சிவந்தபோது நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசி வெளிச்சம் போகும்வரை உட்கார்ந்திருந்தார். நான் போர்வை கொண்டுபோய்ப் போர்த்தினேன். அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எனக்கு வண்டி வேண்டாம். எல்லாம் சரியாயிடும்" என்றார். நான் சந்தோஷப்பட்டேன் தம்பி. முட்டாள். காலையில் படுக்கை காலி. போன் மேஜையில் இருந்தது. அப்போதுதான் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று புரிந்தது. காவல்துறைக்காரர்கள் வந்ததும் நான் முதலில் சொன்னது அதைத்தான். அதனால்தான் அவர்கள் பாறைகளுக்குக் கீழே தேடினார்கள்.

இன்று ரயில்வே விசாரணைக்கும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் தானாகவே போனார் என்று நம்புவதாக. கையெழுத்துப் போட்டேன்.

இதைச் சொல்லாமல் மறைத்திருக்கலாம். பிறகு வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிந்தால் அது இன்னும் மோசம்.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு பெண்மணிக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்திவிட்டேன், நீலம் பாரித்துவிட்டது. மேற்பார்வையாளர் என்னைக் குழாய்களில் பெயர் ஒட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார். நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தில் பெயர் ஒட்டுகிறேன். அவர்மேல் எனக்கு இருக்கிற கோபம் மட்டும் இல்லையென்றால் காலையில் எழுந்து வேலைக்குப் போயிருக்கவே மாட்டேன். என்னை நிற்கவைத்திருப்பது அதுதான். அதில் நீ கை வைக்காதே.

அண்ணி

*

ஜூலை 19

அண்ணிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். சரி.

அண்ணன் இருந்திருந்தால் உங்களை ஒரு வார்த்தை சொல்ல விட்டிருக்கமாட்டான், அதனால் நானும் சொல்லவில்லை. ஆனால் இனி என்னை வரச்சொல்லி எழுதாதீர்கள். என் அண்ணனைக் கோழை என்று எழுதிக் கொடுத்த வீட்டில் வந்து நான் சோறு தின்னமாட்டேன்.

அப்பாவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

நான் கோழை என்று எழுதவில்லை. அந்த வார்த்தை உன்னுடையது.

அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இப்போது பரவாயில்லை, வீட்டுக்கு வந்துவிட்டார். படுக்கையில் இருந்தபடி, "சின்னவன் எங்க" என்று ஒருமுறை கேட்டார். மலையில் வேலையாக இருக்கிறான் என்றேன். "ரெண்டு பேரும் அங்கயா" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல.

போன தடவை உன் கடிதத்தில் கையெழுத்துக்கூட இல்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? மழையில் பாறைமேல் ஏறாதே. ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும்.

அண்ணி

*

செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள். அப்பாவுக்கு இப்போது படித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் படித்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அண்ணன் கிடைத்துவிட்டான்.

எப்படி என்று முதலிலிருந்து எழுதுகிறேன். இல்லையென்றால் என்னால் எழுத முடியாது.

மழை விட்டு வெயில் வந்ததும், வனக்காவலர் மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாதையெல்லாம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. என்னையும் கூப்பிட்டார். முகட்டைத் தாண்டி நாம் போனதே இல்லை. இந்தப் பக்கம் மொட்டைப் பாறை, அந்தப் பக்கம் இறங்கினால் வேறு உலகம். சரிவு முழுக்கப் புல், நடுநடுவே பழ மரங்கள், தூரத்தில் ஒரு ஆறு. பாதை திரும்புகிற இடத்தில் தகரக் கூரை போட்டு ஒரு டீக்கடை. கோடையில் நடக்க வருகிறவர்களுக்காகத் திறப்பார்களாம், மழைக்காலம் முழுக்க மூடிவிட்டுக் கீழே மகள் வீட்டுக்குப் போய்விடுவார்களாம். அன்றுதான் திறந்து ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார் அந்தக் கடைக்கார அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

டீ கொடுத்துவிட்டு என்னையே பார்த்தார். "நீங்க போன கோடைல வந்தீங்கல்ல?" என்றார். இல்லை என்றேன். "குரல்கூட அதே குரல். நான் கடைய மூடுற அன்னைக்குக் காலைல, விடிஞ்சும் விடியாம. முதல் டீ அவருக்குத்தான் போட்டேன். ரயில் ஓட்டறேன்னு சொன்னாரே."

என் கையில் டம்ளர் இருந்தது, அதைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை. வனக்காவலர்தான் வாங்கி வைத்தார்.

அண்ணி, அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் ஒன்றும் சேர்க்கவில்லை. அண்ணன் நன்றாக நடந்து களைத்து வந்து, பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்திருக்கிறான். ஆற்றைக் காட்டி அதன் பெயர் கேட்டிருக்கிறான். பேச்சுவாக்கில், "வண்டி ஓட்டறத விட்டுடப் போறேம்மா. புதுசா வர்ற பசங்களுக்குச் சொல்லிக்குடுக்குற வேலை இருக்கு, அதக் கேக்கப் போறேன். வீட்ல இன்னும் முழுசா சொல்லல. இன்னைக்குப் போய்ச் சொல்லணும்" என்றானாம். கிளம்பும்போது உங்களுக்கு என்று சொல்லி ஒரு பை நிறைய பிளம்ஸ் பழம் வாங்கியிருக்கிறான். வானம் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. "ரெண்டு பேரும் தூங்கிட்டிருக்காங்க. எழுந்திருச்சுத் தேடறதுக்குள்ள போயிடணும். சீக்கிரமாப் போக வழி இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். அந்த அம்மா குறுக்குப் பாதையைக் காட்டியிருக்கிறார். ஆடு மேய்க்கிறவர்கள் போகிற பழைய தடம். அவரே சின்ன வயதிலிருந்து நடந்த தடம்.

வனக்காவலர் எழுந்து அந்தத் தடத்தில் நடந்தார். நான் பின்னால் போனேன். கொஞ்ச தூரத்தில் பாதை இல்லை. மண்ணோடு சரிந்து கீழே போயிருந்தது. சரிந்து பல மாதம் ஆகியிருக்கும், அதன்மேல் புல்லே முளைத்துவிட்டது. கீழே ஓடைப் பள்ளம், புதர். கீழ் ஊரிலிருந்து ஆட்கள் கயிறோடு வர மாலையாகிவிட்டது. வேண்டாம் என்றார்கள், நானும் இறங்கினேன்.

ஷூவைப் பார்த்தேன். கடற்கரைச் சந்தையில் நாம் வாங்கியது. அதற்கு மேல் நான் எழுதமாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். துணிப்பை தோளிலேயே இருந்தது. உள்ளே பழக் கொட்டைகள்.

கழுத்து எலும்பு முறிந்திருக்கிறது, விழுந்தவுடனே முடிந்திருக்கும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் ஆஸ்பத்திரிக்காரர், அந்தக் காகிதத்தை வாங்கிப் பாருங்கள். அன்றைக்கே அந்தப் பக்கம் தேடியிருந்தாலும் உயிரோடு கிடைத்திருக்கமாட்டான். இதை நீங்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் எனக்கும் அது தேவைப்படுகிறது. எல்லோரும் குதித்தவனைத் தேடினோம். நடந்தவனை யாரும் தேடவில்லை. நானும்தான். உங்களோடு அவ்வளவு சண்டை போட்ட நான், தினமும் போய்ப் பார்த்தது அந்தப் பாறைகளுக்குக் கீழேதான்.

கீழ் ஊர் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். மனைவி வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். தம்பி போட்டால் செல்லாதாம்.

கடைக்கார அம்மாவிடம் நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கயிறு கட்டித் தூக்கியதை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து கடை திறக்கவில்லை. வனக்காவலர் போய்ப் பார்த்தார். உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். "நான்தானே வழி காட்டினேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லையாம். சாப்பிடவும் இல்லையாம். நான் போய் ஏதாவது சொல்லலாம் என்று வாசல்வரை போனேன். என் குரலைக் கேட்டால் அந்த அம்மா என்ன ஆவாரோ என்று திரும்பிவிட்டேன்.

வாருங்கள் அண்ணி. நான் பேசியதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி

*

அக்டோபர் 1

தம்பிக்கு,

உன் கடிதம் வேலையில் இருக்கும்போது வந்தது. குழாய்களுக்கு நடுவே நின்றபடி படித்தேன். உட்காரச் சொல்லியிருந்தாய், அந்த வரி கண்ணில் படவில்லை. அப்புறம் யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? படித்ததும் எனக்கு ஆறுதலாக இல்லை. அவர் போக வேண்டும் என்று போகவில்லை, என்னிடம் வந்துகொண்டிருந்தார் என்று தெரிந்தால் எந்த மனைவிக்கும் ஆறுதலாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். நான்கு மாதம் அவரைத் திட்டிக்கொண்டேதான் பல் துலக்கினேன், பஸ் ஏறினேன். இப்போது திட்ட ஆள் இல்லை. பழம் வாங்கிக்கொண்டு, மழைக்கு முன்னால் வீடு சேர வேண்டும் என்று வேகமாக நடந்த மனிதரை எப்படித் திட்டுவது? உன் கடிதம் வந்த அன்றுதான் அவர் செத்தார் தம்பி. எனக்கு அன்றுதான்.

கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று ரயில்வே அலுவலகத்துக்குப் போய் வந்தேன். அந்தக் கேள்வி கேட்டவர் எழுந்து நின்றுவிட்டார். நீ சொன்னதுதான் சரி. அதை உன்னிடம் நேரில் சொல்ல வாய் வருமோ வராதோ, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "வழுக்கிட்டானா" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் ரொம்ப நேரம் அழுதார். இத்தனை நாள் அழவே இல்லை அவர். மூச்சிரைப்பு வந்துவிடுமோ என்று பயந்து பக்கத்திலேயே இருந்தேன்.

கடைக்கார அம்மாவைப் பற்றி. உண்மையைச் சொல்கிறேன், உன் கடிதத்தில் குறுக்குப் பாதை என்று வந்த இடத்தில் என் உடம்பெல்லாம் கொதித்தது. பாவி, வந்த வழியே போகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று. இரண்டு நாள் அந்த முகம் தெரியாத பெண்ணைத்தான் திட்டினேன். எனக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் ஏரிக்கரை ஞாபகம் வந்தது. காட்டுக்கும் மலைக்கும் நடுவில் தங்கினோமே, அந்த ஏரி. நீ படகுக்காரனோடு மீன் பிடிக்கப் போயிருந்தாய். காற்றே இல்லை. எதிர்க்கரை மரங்கள் தண்ணீரில் தலைகீழாக நின்றன, எது மரம் எது நிழல் என்று தெரியவில்லை. நாங்கள் ஏரியைச் சுற்றி நடந்தோம். பாதி தூரம் போனதும் அவர் நின்றுவிட்டார். கோடை முழுக்க அந்தப் பெண்ணைப் பற்றி அவர் பேசியது அந்த ஒருமுறைதான். உன்னிடம் நான் சொன்னதில்லை.

"அந்தப் பொண்ணு வீட்லேருந்து யாராவது வருவாங்கன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றார். எதற்கு என்றேன். "தெரியல. திட்டறதுக்காவது. சட்டையப் பிடிச்சுக் கேக்கறதுக்காவது. அப்பதான் நான் பிரேக் புடிச்சேன்னு சொல்ல முடியும். நான் புடிச்சேன், நிக்கலன்னு. யாருமே வரல. எல்லாரும் என் தப்பு இல்லன்னு சொன்னாங்க. ஆபீஸ்ல சொன்னாங்க, நீ சொன்ன, டாக்டர் சொன்னாரு. சொல்ல வேண்டியவங்க யாரும் வரல."

அன்று நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே நடக்கத் தொடங்கினார், நானும் நடந்தேன்.

மலைக்கு அந்தப் பக்கம் அடுப்புக்கு அருகே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவிடம் வனக்காவலர் சொல்லிப் பயனில்லை. நீ சொன்னாலும் முழுசாக ஆகாது. நான்தான் போக வேண்டும். என்ன பேசுவேன் என்று தெரியாது. வழி கேட்டவருக்கு வழி சொன்னீர்கள், வேறென்ன செய்ய முடியும் என்று சொல்லத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே போய் நின்றதும் வேறு வார்த்தை வாயில் வந்துவிடலாம். திட்டினாலும் திட்டிவிடுவேன். போகாமல் இருப்பதைவிட அது மேல்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அப்பாவும் நானும் வருகிறோம். அப்பாவை விடுதிக்காரம்மாவிடம் விட்டுவிடலாம், அவரால் ஏற முடியாது. நீ பஸ் நிலையத்துக்கு வா. கையெழுத்துப் போட ஆஸ்பத்திரிக்கு முதலில் கூட்டிப்போக வேண்டாம். நேராக முகட்டுக்குக் கூட்டிப்போ, அந்தக் கடைக்கு. உன் அண்ணன் இத்தனை மாதம் காத்திருந்தவர், இன்னும் ஒரு பகல் காத்திருப்பார். அந்த அம்மாவால் முடியாது.

அண்ணி